யார் கட்டும் தவணை, யார் ஈட்டும் லாபம்?

2018 ஜூலை 20 அன்று மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீதான விவாதத்துக்குப் பதிலளித்த பிரதமர் நரேந்திர மோடி, வேலைவாய்ப்பைக் கணக்கிடப் புதிய வாய்பாடு ஒன்றை முன்வைத்தார். முந்தைய ஆண்டில் 7.6 லட்சம் வணிக வாகனங்கள் விற்பனையாகியிருக்கின்றன. அவற்றில் கால் பங்கு பழைய வண்டிகளுக்கு மாற்றாக வாங்கப்பட்டவை என்று கழித்தாலும் 5.7 லட்சம் புதிய வண்டிகள் சாலைக்கு வந்துள்ளன. வண்டிக்கு இருவர் என்றால் 11.4 லட்சம் பேருக்கு வேலை. கார்களையும் ஆட்டோக்களையும் இதே முறையில் பெருக்கிக் கூட்டி, போக்குவரத்துத் துறையில் மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 20 லட்சம் பேருக்கு வேலை கிடைத்துவிட்டதாக அவர் அறிவித்தார்.

பதினான்கு மாதங்கள் கழித்து, 2019 செப்டம்பர் 10 அன்று, சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாகன விற்பனைச் சரிவுக்கு விளக்கம் அளித்தார். இன்றைய இளைஞர்கள் கார் வாங்கி மாதத் தவணையில் மாட்டிக்கொள்ள விரும்புவதில்லை, ஓலாவையும் ஊபரையும் மெட்ரோ ரயிலையுமே நாடுகிறார்கள், சரிவுக்கு அந்த மனநிலையும் ஒரு காரணம் என்றார். ஆலைகள் வேலையற்ற நாட்களை அறிவித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளியே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கான பதிலாக இந்த மனநிலை ஆராய்ச்சியே வந்தது.

இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு வண்டியும் ஒரு வேலை என்கிறார் ஒருவர். செயலியில் வண்டியை அழைப்பவர் தவணைச் சுமையிலிருந்து விடுபட்டுவிட்டார் என்கிறார் மற்றவர். இருவருமே ஒரு கேள்வியைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள். அந்தத் தவணையைக் கட்டுவது யார்? பயணி கார் வாங்கவில்லை. செயலி நிறுவனமும் பெரும்பாலும் கார் வாங்குவதில்லை. ஆனால் கார் ஓடுகிறது. அதற்கான கடன் ஓட்டுநரின் பெயரில் இருக்கிறது. நடுத்தர வர்க்க இளைஞரின் தோளிலிருந்து இறங்கிய தவணை காற்றில் கரைந்துவிடவில்லை. பீகாரிலிருந்து தில்லிக்கும், வட கர்நாடக மாவட்டங்களிலிருந்து பெங்களூருவுக்கும் பிழைக்க வந்த உழைப்பாளியின் தோளில் அது ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிரதமரின் வாய்பாட்டில் ‘வேலை’ என்று எழுதப்பட்ட இடத்தில், உண்மையில் எழுதப்பட வேண்டிய சொல் ‘கடன்’ என்பதாகும்.

ஒப்புதல் என்னும் வாசல்

‘முப்பதே நிமிடத்தில் கடன் ஒப்புதல்’, ‘நூறு சதவீதக் கடன்’, ‘குறைந்த ஆவணங்கள் போதும்’. வாகன விற்பனையகங்களின் வாசலில் தொங்கும் இந்தப் பதாகைகள், கடன் கிடைப்பதையே ஒரு வெற்றியாகக் காட்டுகின்றன. அந்த வாசலுக்குள் என்ன நடக்கிறது?

கடன் கேட்டு வருபவரைப் பற்றிய முதல் தீர்ப்பைக் கடன் மதிப்பெண் வழங்கிவிடுகிறது. 300 முதல் 900 வரையிலான ஓர் எண். இதில் முன்னணியில் இருக்கும் சிபில் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் வசம் உள்ளன. மாதச் சம்பளச் சீட்டும், வருமான வரிக் கணக்கும், முன்பு வாங்கி முறையாக அடைத்த கடனும் உள்ளவருக்கு இந்த எண் உயர்ந்து நிற்கும். அவரை வங்கியே தேடிவந்து, குறைந்த வட்டியில், வீட்டு உபயோகத்துக்கான காருக்குக் கடன் தருகிறது. தினசரி வருமானத்தில் வாழும் ஓட்டுநரிடம் சம்பளச் சீட்டு இல்லை. முதல் முறையாகக் கடன் வாங்குபவருக்கு வரலாறே இல்லை. அவர் வங்கிசாரா நிதி நிறுவனத்தின் மேசைக்குத் தள்ளப்படுகிறார். காரை வைத்துப் பிழைக்கப் போகிறவர், காரை நிறுத்திவைத்து அழகு பார்க்கப் போகிறவரைவிட அதிக வட்டி கட்ட வேண்டும் என்பதுதான் இச்சந்தையின் நியாயம்.

ஓர் எளிய கணக்கு. 6 லட்சம் ரூபாய்க் கடன், ஐந்தாண்டுத் தவணை. குறையும் நிலுவையின் மீது 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். மொத்த வட்டி 1.47 லட்சம். அதே கடனுக்கு 15 சதவீதம் என்றால் தவணை ஏறத்தாழ 14,274 ரூபாய். வட்டி 2.56 லட்சம். ஒரே கார், ஒரே தொகை, ஒரே காலம். உழைப்பாளி என்பதற்காக மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அபராதம்.

இதைவிட மோசமானது ‘நிலையான வட்டி’ என்ற கண்கட்டு வித்தை. ‘வட்டி வெறும் 9 சதவீதம்தான்’ என்று முகவர் சொல்வார். ஆனால் அது குறைந்துவரும் நிலுவைக்கு அல்ல, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 54,000 வீதம் ஐந்தாண்டுக்கு 2.70 லட்சம் வட்டி. மாதத் தவணை 14,500 ரூபாய். நான்காம் ஆண்டில் கடனின் பெரும்பகுதியை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி ஓடுகிறது. இதை வங்கிகளின் முறைப்படி கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 15.7 சதவீதம். 9 என்று சொல்லி 15.7 வாங்குவதற்கு நமது ஊர்களில் வேறு பெயர் உண்டு. கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் உள்ள இடத்தில் நடப்பதால் அதற்கு நிதிச் சேவை என்று பெயர்.

2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் ஆண்டு முழுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வரவேற்கத்தக்க விதிதான். ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டி, அம்பது பக்க ஒப்பந்தத்தில் முகவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடும் நேரத்தில் நீட்டப்படும் ஒரு தாள், பேரம் பேசும் வலிமையைத் தந்துவிடாது. தகவல் இருந்தும் மாற்று இல்லாதவர், தெரிந்தே ஏமாறுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

வட்டியைக் குறைத்தோம், வரியைக் குறைத்தோம் என்ற அறிவிப்புகளும் இவரை எட்டுவதில்லை. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தது. வாகனக் கடன்களில் பெரும்பகுதி, கடன் காலம் முழுவதும் மாறாத வட்டியில் தரப்படுபவை. அவற்றுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது. கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு வேறிடம் போகலாம் என்றால் அதற்கும் தண்டக் கட்டணம். தனிநபர்களிடம் அக்கட்டணம் வாங்கக்கூடாது என்ற விதி மாறும் வட்டிக் கடன்களைத்தான் காக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, விழாக்கால விற்பனைச் சாதனை கொண்டாடப்பட்டது. அதற்கு முதல் மாதம் பழைய விலையில் வாங்கியவரின் வண்டிக்குச் சந்தை மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. அவருடைய கடன் நிலுவையில் ஒரு ரூபாயும் இறங்கவில்லை.

கட்டணம் பாதியாகலாம், தவணை ஆகாது

கடன் கடுமையாக இருந்தாலும் வருமானம் உறுதியாக இருந்தால் ஒருவர் சமாளித்துவிடலாம். இங்கே வருமானம் கடன்காரரின் கையிலும் இல்லை, ஓட்டுநரின் கையிலும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் அதை வைத்திருக்கிறார்.

2015, 2016ஆம் ஆண்டுகளில் செயலி நிறுவனங்கள் முதலீட்டாளர்களின் பணத்தை வாரியிறைத்து ஓட்டுநர்களைச் சேர்த்தன. மாதம் லட்ச ரூபாய் வரை ஈட்டலாம் என்ற வாக்குறுதி, ஊக்கத்தொகை, கடனுக்கு நிதி நிறுவனங்களோடு ஏற்பாடு, கடன் கிடைக்காதவருக்குக் குத்தகைக் கார். அந்த நம்பிக்கையில் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் முன்பணம் கட்டியவர்கள் ஏராளம். சந்தை கைக்கு வந்ததும் ஊக்கத்தொகை வெட்டப்பட்டது. ஒரே நகரத்தில் மேலும் மேலும் வண்டிகள் இணைக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் தில்லியிலும் பெங்களூருவிலும், 2018 மார்ச்சிலும் மீண்டும் அக்டோபரிலும் மும்பையிலும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதனால்தான். தில்லிப் போராட்டம் ஏறத்தாழ இரு வாரம் நீடித்தது. போராடிய ஒவ்வொரு நாளும் வருமானம் நின்றது, தவணை நிற்கவில்லை. வேலைநிறுத்த உரிமையைத் தடைசெய்ய இங்கே எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. அந்த வேலையை மாதத் தவணையே செய்துவிடுகிறது.

அரசாங்கம் யார் பக்கம் நிற்கிறது? ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட மோட்டார் வாகன ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டு நெறிகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை வசூலிக்க நிறுவனங்களை அனுமதிக்கின்றன. 2020ஆம் ஆண்டு நெறிகளில் அது ஒன்றரை மடங்காக இருந்தது. அதே நெறிகள், மற்ற நேரங்களில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி வரை குறைத்துக்கொள்ளவும் அனுமதிக்கின்றன. அடிப்படைக் கட்டணம் என்பது மாநில அரசு எரிபொருள், பராமரிப்பு, உழைப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு நிர்ணயிப்பது. அதில் பாதிக்கு வண்டி ஓட்டலாம் என்றால், மீதிப் பாதியை யார் தருவது? சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் என்ற விதியை அரசு பெருமையுடன் சுட்டுகிறது. பாதியாக்கப்பட்ட கட்டணத்தில் 80 சதவீதம் என்பது முழுக் கட்டணத்தில் 40 சதவீதம். பெட்ரோல் விலையைப் பாதியாக்க ஒரு நெறி உண்டா? தவணையைப் பாதியாக்க ஒரு நெறி உண்டா?

அண்மைக் காலத்தில் சில நிறுவனங்கள் ‘கமிஷன் இல்லை, சந்தா மட்டும்’ என்று விளம்பரம் செய்கின்றன. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சந்தா கட்ட வேண்டும். கமிஷனிலாவது சவாரி இல்லாத நாளில் நிறுவனத்துக்கும் வருமானம் இல்லை. சந்தா முறை அந்தச் சிறிய அபாயத்தையும் ஓட்டுநர் மீது இறக்கிவிடுகிறது. மாதத் தவணையோடு தினத் தவணையும் சேர்ந்துகொண்டது என்பதே இதன் பொருள்.

1872ஆம் ஆண்டில் குடியிருப்புப் பிரச்சினை குறித்துத் தொடர் கட்டுரைகள் எழுதிய பிரெடெரிக் எங்கெல்ஸ், தொழிலாளிக்குத் தவணை முறையில் சொந்த வீடு என்ற அன்றைய முதலாளித்துவச் சீர்திருத்தவாதிகளின் தீர்வைக் கடுமையாக விமர்சித்தார். கடனில் வாங்கிய சிறு சொத்து தொழிலாளியை விடுதலை செய்வதற்குப் பதிலாக அவரை ஓரிடத்தில் கட்டிப்போடும், கிடைத்த கூலியை ஏற்க வைக்கும் என்பது அவரது வாதம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சக்கரம் முளைத்திருக்கிறது. நகரும் சொத்தும் உழைப்பாளியைக் கட்டிப்போட முடியும் என்பதை இன்றைய மூலதனம் நிரூபித்திருக்கிறது. உற்பத்திக் கருவியை முதலாளி வாங்கித் தரும் காலம் போய், அதையும் தொழிலாளியே வட்டிக்கு வாங்கிக்கொண்டு வரவேண்டும், பின் அவரைத் தொழிலாளி என்றே அழைக்கக்கூடாது, ‘பங்காளி’ என்று அழைக்க வேண்டும் என்ற காலம் வந்திருக்கிறது.

உரிமையாளர் யார்?

அந்தப் பங்காளியின் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ஓட்டுநரின் பெயர். அதன் கீழே, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, அடமானம் பெற்ற நிதி நிறுவனத்தின் பெயர். வரி, காப்பீடு, தகுதிச் சான்று, அபராதம், விபத்து வழக்கு என்று எல்லாக் கடமைகளுக்கும் முதல் பெயர். தவணை தவறிய நாளில் இரண்டாவது பெயர் விழித்துக்கொள்கிறது.

தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது. கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நிதி நிறுவனம் ஒரு கட்டணம் பிடிக்கும். 2007ஆம் ஆண்டு பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, அப்படித் திரும்புவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகலாம். 2025 ஜனவரி முதல் கடன் விவரங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. காய்ச்சலில் படுத்த ஒரு மாதம், அடுத்த கடனின் வட்டியாக அவரைத் துரத்துகிறது.

பிறகு வசூல் முகவர்கள் வருகிறார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் தொல்லை தரக்கூடாது, மிரட்டக்கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி மீண்டும் வலியுறுத்தியது. அடுத்த மாதமே ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக் மாவட்டத்தில், விவசாயி ஒருவரின் டிராக்டரைத் தவணை நிலுவைக்காக எடுத்துச் சென்ற வசூல் முகவர்களைத் தடுக்க முயன்ற அவருடைய கர்ப்பிணி மகள், அதே டிராக்டரின் சக்கரத்தில் நசுங்கி இறந்தார். நாடே அதிர்ந்த பிறகு, மகிந்திரா பைனான்ஸ் நிறுவனம் வெளியார் மூலம் வண்டிகளைப் பறிமுதல் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நகரத்து டாக்சியும் கிராமத்து டிராக்டரும் ஒரே வகைக் கடனில்தான் ஓடுகின்றன, ஒரே வகை ஆட்களால்தான் பறிக்கப்படுகின்றன.

நீதிமன்றங்கள் பேசாமல் இல்லை. வாகனக் கடன் வழக்கொன்றில் 2007இல் உச்ச நீதிமன்றம், கடனை வசூலிக்க அடியாட்களை ஏவக்கூடாது, சட்ட வழியைத்தான் நாட வேண்டும் என்றது. 2020 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம், தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை கட்டும் வரை நிதி நிறுவனமே உரிமையாளர், ஒப்பந்தம் அனுமதித்தால் அது வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், வசூல் முகவர்களை வைத்து வலுக்கட்டாயமாக வண்டிகளைப் பறிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமைக்கும் வாழ்வாதார உரிமைக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்து, தவறு செய்த நிதி நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் செலவுத் தொகை விதித்தது. இந்தத் தீர்ப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி அருகே காத்திருக்கும் வசூல் முகவர் நிற்கிறார். கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர் கையில் இருக்கிறது. பாட்னா தீர்ப்பு ஓட்டுநரின் கையில் இருப்பதில்லை.

இரண்டு கடனாளிகள், இரண்டு சட்டங்கள்

‘கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்’ என்பார்கள். நல்ல நெறி. அது எல்லோருக்கும் பொதுவா என்று பார்ப்போம்.

2014-15 முதல் 2022-23 வரையிலான ஒன்பது நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாகவும், அதில் 7.40 லட்சம் கோடிக்கு மேல் பெரும் தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுக்கு உரியது என்றும் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ‘கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்’ என்பது அரசின் வழக்கமான பதில். அதே காலத்தில், நீக்கிய கடன்களிலிருந்து வசூலான தொகை ஏறத்தாழ 2.04 லட்சம் கோடி என்பதும் அரசு தந்த கணக்குத்தான். நூறு ரூபாய்க்குப் பதினான்கு ரூபாய்.

2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வசதியிருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் மோசடியாளர்களோடும்கூட வங்கிகள் சமரசத் தீர்வு செய்துகொள்ள வழிவகுத்தது. வங்கி ஊழியர் சங்கங்கள் இதைக் கண்டித்தன. ஆயிரக்கணக்கான கோடிகளை விழுங்கியவரிடம் சமரச மேசையில் தேநீர் கொடுத்துப் பேசுகிறார்கள். மூன்று தவணை தவறிய ஓட்டுநரிடம் நடுச்சாலையில் சாவியைப் பிடுங்குகிறார்கள். வேண்டுமென்றே கட்டாதவருக்குச் சமரசம், வேண்டியும் கட்ட முடியாதவருக்குப் பறிமுதல். இந்தக் கடன் ஒழுக்கத்தைத்தான் நமக்குப் போதிக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தை நினைவுகூர வேண்டும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைத் தள்ளிவைப்பு அறிவிக்கப்பட்டது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டியை விலக்கவே உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பொதுமுடக்கத்தில் வண்டிகள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த 2020 மே மாதத்தில், பெட்ரோல் மீது லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் மீது 13 ரூபாயும் கூடுதலாகக் கலால் சுமத்தியது மோடி அரசாங்கம். அதற்கு எட்டு மாதங்கள் முன்புதான் கார்ப்பரேட் வரியை அடிப்படை விகிதத்தில் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுத்திருந்தது. ஓட்டுநருக்குக் கிடைத்தது தள்ளிவைப்பு, நிறுவனங்களுக்குக் கிடைத்தது தள்ளுபடி.

கடன் வேண்டாம் என்பதா?

இவற்றையெல்லாம் சொன்னால், ‘அப்படியானால் ஏழைக்குக் கடனே கொடுக்க வேண்டாம் என்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். அல்ல. உழைப்பாளிக்குக் கடன் வேண்டும் என்று முதலில் போராடியவர்கள் இடதுசாரிகள். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமையாகும் வரை, அவை தொழிலதிபர் குடும்பங்களின் கருவூலங்களாகவே இருந்தன. அதற்குப் பின் வளர்ந்த முன்னுரிமைக் கடன் ஏற்பாட்டில் விவசாயியோடும் சிறுதொழில் முனைவோரோடும் சிறு சாலைப் போக்குவரத்து இயக்குவோரும் இடம்பெற்றனர். வட்டிக்காரரிடமிருந்து ஆட்டோ ஓட்டுநரைப் பொதுத்துறை வங்கி ஓரளவேனும் மீட்டது. 1991இல் நரசிம்மம் குழு முன்னுரிமைக் கடன் அளவை 40 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தபோது, அதை எதிர்த்து நின்றவர்களும் இடதுசாரிகளும் வங்கி ஊழியர்களுமே. இன்று பொதுத்துறை வங்கி, பெரும் நிதி நிறுவனத்துக்கு மொத்தமாகக் கடன் தருகிறது. அந்நிறுவனம் அதன்மீது தன் லாபத்தை ஏற்றி ஓட்டுநருக்குத் தருகிறது. மக்களின் சேமிப்பு இடைத்தரகர் வழியாக மக்களிடமே உயர்வட்டிக்குத் திரும்பி வருகிறது. நமது எதிர்ப்பு இந்த இடைத்தரகு மீதுதான்.

‘படித்துப் பார்த்துத்தானே கையெழுத்திட்டார்’ என்பது இன்னொரு வாதம். கட்டணத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கணக்கை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம், ஆனால் தவணை மட்டும் ஐந்தாண்டுக்கு மாறாது என்ற ஏற்பாட்டில் கையெழுத்தின் சுதந்திரம் எங்கே இருக்கிறது? கையெழுத்திட்ட நாளில் இருந்த ஊக்கத்தொகை ஆறு மாதத்தில் மறைந்தபோது, ஒப்பந்தத்தை மீறியவர் யார்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ராஜஸ்தான் 2023லும் கர்நாடகா 2025லும் தனிச் சட்டங்கள் இயற்றின. போராட்டங்கள் இல்லாமல் இவை வந்துவிடவில்லை. ஆனால் ஓட்டுநரைத் தொழிலாளி என்று ஏற்காத வரை, குறைந்தபட்ச வருமானமும் கூட்டுப் பேர உரிமையும் அவருக்கு எட்டாக்கனியே. மாற்று வழி இல்லை என்பதும் உண்மையல்ல. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசின் தொழிலாளர் துறை 2022 ஆகஸ்ட் 17 அன்று ‘கேரள சவாரி’ என்ற செயலிச் சேவையை, 8 சதவீதச் சேவைக் கட்டணத்தில், அரசு நிர்ணயித்த கட்டணத்தோடு தொடங்கியது. முதலீட்டாளர் பணத்தில் தள்ளுபடி கொடுக்கும் பெருநிறுவனங்களின் எதிரே அது எளிதாக வேரூன்றிவிடவில்லை. எனினும் செயலி என்பது மூலதனத்தின் தனிச்சொத்து அல்ல, பொதுத்துறையாலும் கூட்டுறவாலும் நடத்தக்கூடிய கருவிதான் என்பதை அது காட்டியது.

தொழிற்சங்க இயக்கம் இப்போது எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. அடிப்படைக் கட்டணத்தைப் பாதியாக்க நிறுவனங்களுக்குத் தந்த அனுமதி ரத்தாக வேண்டும்; தவணை, எரிபொருள், காப்பீடு, எட்டு மணிநேர உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்த செலவுக்குக் கீழே எந்தச் சவாரியும் ஓடக்கூடாது. நிலையான வட்டி என்ற பெயரில் கடன் விற்பது தடைசெய்யப்பட வேண்டும். பிழைப்புக்கான வாகனத்துக்குப் பொதுத்துறை வங்கிகள், வீட்டு உபயோகக் காருக்குத் தரும் வட்டிக்கு மேற்படாமல் நேரடியாகக் கடன் தர வேண்டும். மாறா வட்டிக் கடன்களுக்கும் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கூடாது. நீதிமன்ற உத்தரவின்றி எந்த வண்டியும் பறிமுதலாகக்கூடாது. இதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் வேண்டும். நோய், விபத்து, கணக்கு முடக்கம் ஆகிய காலங்களில் வட்டியின்றித் தவணை தள்ளிவைக்கப்பட வேண்டும். விசாரணையின்றிக் கணக்கை முடக்கும் நிறுவனம், அந்த நாட்களின் தவணையைத் தானே கட்ட வேண்டும்.

இவற்றில் எதுவும் புரட்சிகரமான கோரிக்கை அல்ல. அபாயத்தை ஏற்பவருக்கு லாபம் என்பது முதலாளித்துவமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நியாயம். இத்தொழிலில் முதலீடு ஓட்டுநருடையது, உழைப்பு ஓட்டுநருடையது, அபாயம் ஓட்டுநருடையது. லாபம் மட்டும் ஒருபுறம் செயலி நிறுவனத்துக்கும் மறுபுறம் நிதி நிறுவனத்துக்கும் போகிறது. தங்கள் நியாயத்தைத் தாங்களே கடைப்பிடிக்காதவர்களிடம் அதைக் கேட்டுப் பெற முடியாது. தனித்தனியே தவணை கட்டிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானோர் ஒரே சங்கத்தில் திரளும்போதுதான் பெற முடியும். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய அந்தத் திரட்சியை, ஆட்டோ நிறுத்தங்களிலும் டாக்சி நிறுத்தங்களிலும் லாரிப் பேட்டைகளிலும் டிராக்டர் நிற்கும் களத்துமேடுகளிலும் ஒன்றாக இணைப்பதே இன்றைய பணி.